ஓட்டியவர் தம்பிதுரை

தம்பிதுரை ஆசைப்பட்டது பெரிய சம்பளத்துக்கு அல்ல. பொழுது சாய வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, ராசாத்தாள் போடும் சோற்றைச் சூடாகத் தின்ன வேண்டும். அவ்வளவுதான். நாக்பூர், இந்தூர் என்று லாரி ஓட்டியே தலை நரைத்துவிட்டது. மகள் யுவஸ்ரீயையும் கட்டிக்கொடுத்தாயிற்று. போத்தனூர் வீட்டில் ராசாத்தாள் தனி, லாரியில் இவன் தனி. இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்று ரேஷன் கார்டு மட்டும்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால்தான் கோயமுத்தூரில் ஒரு கேஸ் சிலிண்டர் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனான். உள்ளூர் ஓட்டம், இரவு வீட்டில் படுக்கலாம். வண்டியை ஓட்டிக் காட்டினான், மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. எல்லாம் நல்லபடியாகப் போய், ஆபீசில் அக்ஷயா என்ற பெண்ணின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

“ஏனுங்ண்ணா, போலீஸ் வெரிஃபிகேஷன்ல ஒரு ஆக்சிடென்ட் காட்டுதுங்க. பொள்ளாச்சி ரோட்டுல ஒருத்தர் எறந்திருக்காரு. ஓட்டுனது நீங்கன்னு இருக்குதுங்க.”

“அந்தக் கேசுல விடுதலை ஆயாச்சுங்க அம்மணி.”

“ஆயாச்சுங்ண்ணா. ஆனா பேரு அப்படியே நிக்குதுங்களே. உசுரு போன கேஸ் இருந்தா இங்க வண்டி குடுக்க மாட்டாங்க.”

“நான் ஓட்டலீங்க.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே திக்கென்றது. இத்தனை வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண் நல்ல மாதிரி. அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் யாராவது வந்து சொன்னால் மேனேஜரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

ஓட்டியது அப்போதைய லாரி முதலாளி வேங்கடசாமியின் மகன் ரவிக்குமார். கொப்பரை ஏற்றிய லாரியை ஆசைக்குக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தான். தம்பிதுரை பக்கத்து சீட்டில் இருந்தான். சைக்கிளில் போனவர் அங்கேயே செத்துப்போனார். பையனுக்கு லாரி லைசென்ஸ் கிடையாது. இப்படி நேர்ந்தால் லைசென்ஸ் உள்ள டிரைவர் கேஸைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது அந்தத் தொழிலில் நடக்கிறதுதான். அதற்காக யாரும் மாலை போடுவதில்லை.

“லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனான்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். செத்தவன் பொண்டாட்டி புள்ளைக நடுத்தெருவுல நிக்கும், பாத்துக்கோ” என்றார் வேங்கடசாமி. அந்தப் பேச்சில்தான் தம்பிதுரை விழுந்தான். கட்டினவளிடம்கூடச் சொல்வதில்லை என்று, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியமும் செய்து கொடுத்தான்.

ராசாத்தாள் ஒன்றும் கேட்கவில்லை. அழுதாள். அந்தப் பாவம் மகளைப் பிடிக்கக்கூடாது என்று சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு அன்றோடு செருப்பைக் கழற்றிப் போட்டாள். அதற்கு முன்னெல்லாம் லாரி வீட்டருகே வந்தால் ஓடிவந்து ஏறி உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஒருநாளும் ஏறவில்லை. தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அந்தச் சைக்கிள்காரரையும் சேர்த்துப் பார்க்கிறாள் என்று தம்பிதுரைக்குத் தெரியும். தெரிந்தும் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான், மடையன்.

வேங்கடசாமி இப்போது உயிரோடு இல்லை. தம்பிதுரை பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினான். தன் தேங்காய் நார் மில்லின் வாசல்வரை வந்து கூட்டிப்போனான் ரவிக்குமார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. “வாங்ண்ணா, உக்காருங்ண்ணா” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினான்.

“ஏனுங்ண்ணா, அன்னிக்கு நீங்கதானுங்களே ஓட்டுனீங்க? நான் பக்கத்துல தூங்கிட்டு வந்தேன். அப்பா எப்பவும் அப்படித்தான சொல்லுவாருங்க.”

தம்பிதுரை அவன் முகத்தையே பார்த்தான். கொஞ்சம் திருட்டு முழி தெரிந்திருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பான். தெரியவில்லை. அப்பன் சொல்லிச் சொல்லி, மகன் நிஜமாகவே அதை நம்பியிருந்தான். பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். நம்புகிறவனோடு என்ன செய்வது? பாதி இளநீரை வைத்துவிட்டு எழுந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதான். நடந்தது என்னவென்று தெரிந்தவன் இந்த உலகத்தில் இனி அவன் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வந்ததும் சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ராசாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்ப நீங்க ஓட்டலீங்களா?”

“இல்ல சாமி.”

“நம்பறனுங்க” என்றாள் உடனே. அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் முகம் மாறிப்போயிருந்தது. “மொதலாளிக்கு அடிச்ச சத்தியத்துக்கு இருந்த மருவாதி எனக்கு இல்லாமப் போச்சுங்களே. உங்களக் கண்டு பயந்துட்டே எத்தன நாளு படுத்திருப்பேன், தெரியுங்களா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மறுபடியும் நாக்பூர் லோடுதான் அமைந்தது. கிளம்புகிற அன்று தம்பிதுரை கடைவீதிக்குப் போய் ராசாத்தாளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்து வாசலில் வைத்தான். அவள் அதைத் தாண்டி, சோற்றுத் தூக்கோடு வெறுங்காலில் லாரிவரை வந்தாள். மத்தியான வெயிலில் தார் ரோடு கொதித்தது.

“இனி என்னத்துக்கு இந்த வேண்டுதலு? செருப்பப் போட்டுக்கலாமில்ல?” என்றான்.

“ஓட்டுனவரு மறந்துபோட்டாருங்க. செத்தவருக்கு யாராச்சும் நடக்கோணுமில்லீங்களா?”

தூக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவன் வண்டியைக் கிளப்பினான். கண்ணாடியில் பார்த்தபோது, சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.