உயிர்த்த ஞாயிறு மட்டும்

“உயிர்த்த ஞாயிறு மட்டும் தாங்குவாளோ எண்டு டொக்டரிட்டக் கேட்டியா, இல்லையா?”

கத்தரினா குரலை அடக்கித்தான் தம்பியிடம் கேட்டாள். ஆனால் கற்பிட்டிக் கரையில் இருந்த அந்த வீட்டில் முன்னறைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு சீலைத்திரைதான். திரைக்குப் பின்னால் தம்பி மனைவி அல்பொன்சா பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“கேட்டன் அக்கா,” என்றான் நிக்கொலஸ். “கட்டி இப்ப சின்னனாம். ஒரு பக்க நுரையீரலிலதான் இருக்காம். ஆனா ஊசி குத்தி எடுத்த சதையைப் பார்த்திட்டு மூண்டாம் தரம் எண்டு போட்டிருக்காங்க. கெதியாப் பரவுறதாம். உடன வெட்டி மருந்தும் ஏத்தினா கன வருசம் இருக்க இடமிருக்காம். விட்டா, இந்த வருசத்துக்கே உறுதி சொல்லேலாதாம்.”

“உயிர்த்த ஞாயிறு?”

“அது வரைக்கும் இருப்பாளாம்.”

“மாதாவே! அப்ப சுஜாந்தியின்ட கலியாணம் முடியட்டும்.”

இதைக் கேட்டு கத்தரினாவைப் பொல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். அல்பொன்சா காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கஞ்சி கொண்டுவந்தவள் அவள்தான். ஊர் வழக்கம் அப்படி. தவக்காலத்தில் கலியாணம் இல்லை, உயிர்த்த ஞாயிறு தாண்டித்தான் வைக்கலாம். வீட்டில் சாவு விழுந்தால் வருடம் திரும்பும்வரை கலியாணம் இல்லை. தாய்க்குப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மகளுக்குக் கலியாணமே இல்லை, இரத்தத்தில் வருமாம். சிலாபத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்தபோது முதலில் விசாரித்ததே வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்றுதான். ஆகவே அல்பொன்சாவுக்கு முட்டு, வெறும் மூச்சிழுப்பு என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. அவளுக்கும் அதையே சொல்லியிருந்தார்கள். வைத்தியர்கூட புருசனைத்தான் உள்ளே கூப்பிட்டார். நோய்க்காரி வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள்.

அல்பொன்சா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னை எப்ப வெட்டுவாங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கத்தரினாதான் வாய் திறந்தாள்.

“மருந்து ஏத்தினா தலைமயிர் கொட்டுமாம். மொட்டைத் தலையோட கலியாண வீட்டில நிண்டா அவங்க என்ன நினைப்பாங்க? பிள்ளையைப் பாரன், அல்பொன்சா.”

“எனக்கு வாழ ஆசையா இருக்கு மச்சாள்.”

அந்த நேரம் பார்த்து, கலியாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு சுஜாந்தி சிரித்துக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா, முட்டு இழுக்குதா?”

அல்பொன்சா மகளின் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கன காலம்.

“ஓம் மகள்,” என்றாள்.

உயிர்த்த ஞாயிறு வந்தது, கலியாணமும் நடந்தது. வைத்தியர் சொன்னது பொய்க்கவில்லை. கலியாணப் படங்களிலெல்லாம் அல்பொன்சா அடர்ந்த கொண்டையோடு, இருமலுக்கு வாயில் பொத்திய லேஞ்சித் துணியோடு நிற்கிறாள். மகள் சிலாபத்துக்குப் போன பிறகுதான் அவளை மறுபடி கொழும்புக்கு அந்த வைத்தியரிடம் கொண்டுபோனார்கள்.

இந்த முறை அவள் வாங்கில் இருக்கவில்லை. கணவனுக்கு முந்தி உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள்.

“எனக்குச் சொல்லுங்கோ டொக்டர். என்ட நெஞ்சுதானே.”

வைத்தியர் நிக்கொலஸைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் அவளிடமே சொன்னார். கட்டி மற்ற நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது. இனி வெட்டிப் பயனில்லை. மருந்து நோவைக் குறைக்கும். நத்தார்ப் பண்டிகை, கிறிஸ்து பிறப்பு வரை இருப்பாள் என்று சொல்ல முடியாது.

“அப்பவே வரச் சொன்னனே அம்மா. ஏன் பிந்தினீங்க?”

“தவக்காலம், டொக்டர்,” என்றாள் அல்பொன்சா.

மருந்து ஏற்றியதும் தலைமயிர் கொட்டியது. கோயிலில் பெண்கள் முக்காடு போடும் வழக்கம் கத்தரினாவுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. கோயில் திருநாளன்று அவளே அல்பொன்சாவின் தலையில் வெள்ளை முக்காட்டை ஊசி குத்தி மாட்டினாள். சிலாபத்துச் சம்பந்திகளும் வந்திருந்தார்கள்.

பூசை நடுவில் அல்பொன்சா ஊசிகளைக் கழற்றினாள். முக்காட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மூடு! சம்பந்தியாக்கள் பார்க்கிறாங்க,” என்று கத்தரினா பதறினாள்.

“பார்க்கட்டும் மச்சாள். உயிரோட இருக்கேக்க பார்க்கட்டும்.”

மாமியார் பக்கத்தில் இருந்த சுஜாந்தி திரும்பினாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கோயில் என்றும் பாராமல் அழுதாள்.

பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் யாரோ அல்பொன்சாவின் கையைத் தொட்டார்கள். அதே தெருவில் இருக்கும் மெற்றில்டா.

“அக்கா, எனக்கும் மார்பில ஒரு கட்டி கிடக்கு. நீங்க காட்டின டொக்டர் ஆர்?”

அல்பொன்சா அந்தக் கையை இறுகப் பிடித்தாள். “நாளைக்கே போவம். நானும் வாறன்.”

“நாளைக்கு எப்பிடி அக்கா? மூத்தவளுக்குப் பேசியிருக்கு. கார்த்திகையில கலியாணம். அது முடியட்டும். ஆருக்கும் சொல்லிப்போடாதங்கோ.”

சொல்லத்தான் வேண்டும், ஊருக்கே கேட்கச் சொல்ல வேண்டும் என்று அல்பொன்சா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அது அடங்கி அவள் நிமிர்ந்தபோது, மெற்றில்டா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பெண்களோடு பெண்ணாகப் போய்விட்டிருந்தாள்.