செவலை இளைத்த வரலாறு

2009ஆம் வருடம் ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சுங்குவார்சத்திரம் நடேசன் எடைமேடையில், செவலை என்கிற பெண் நாயின் எடை இருநூற்று இருபது கிலோ என்று சீட்டு வந்தது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, நாயோடு ஒருமுறையும் நாய் இல்லாமல் ஒருமுறையும் வண்டியை நிறுத்திக் கழித்துப் பார்த்ததில் வந்த எடை அது. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் நாலைந்து கிலோ முன்னே பின்னே இருக்கலாம். சீட்டுக் கட்டில் அதற்கு முந்தையது ஒரு லாரி செங்கல், பிந்தையது ஒரு லாரி ஜல்லி. மூன்றையும் ஒரே முகத்தோடு எழுதிய நடேசன், பொருள் என்ற இடத்தில் நாய் என்று போட்டார். பார்வைக்குச் செவலை ஒரு கன்றுக்குட்டி அளவுதான் இருந்தது. மீதி எடை அதற்குள் எங்கே இருக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். நம்பாதவர்களுக்கு நடேசன் இன்றும் கார்பன் நகலை எடுத்துக் காட்டுவார்.

அது அந்த எடைக்கு வந்ததற்கு ஒருவரையும் குறை சொல்ல முடியாது. 2006 கடைசியில், செல்போன் செய்யும் கம்பெனியின் பஸ் நிற்கும் இடத்தில், டயருக்கடியில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்தவள் இசக்கிசெல்வி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டில் அம்மா பெரிய சட்டியில் சோற்றைப் பிசைந்து ஐந்து பிள்ளைகளின் கையிலும் மாறி மாறி உருட்டி வைப்பாள். இங்கே ஹாஸ்டலில் ஆளுக்கொரு தட்டு. தனித் தட்டில் பிசைந்த சோறு அவளுக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அதை உருட்டிக் குட்டியின் வாயில் வைத்தாள். குட்டி சாப்பிட்டதைப் பார்த்ததும் தானே சாப்பிட்டதுபோல் இருந்தது. அந்த ஹாஸ்டலில் நூற்று அறுபது பெண்கள் இருந்தார்கள். ராஜபாளையம், சங்கரன்கோவில், பரமக்குடி என்று எல்லா ஊரிலிருந்தும் சோறு இறங்காத பெண்கள்தான் வந்திருந்தார்கள்.

அதோடு ஷிப்ட் என்று ஒன்று இருந்தது. முதல் ஷிப்ட் கம்பெனியில் போன் பூட்டும் லைனில் நிற்கும்போது இரண்டாவது ஷிப்ட் துணி துவைக்கும், மூன்றாவது ஷிப்ட் தூங்கும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது, எதிரும் புதிருமாகப் போகும் பஸ்களின் ஜன்னலில்தான். மற்ற இரண்டு ஷிப்ட்டுகாரிகளும் ஈவு இரக்கமில்லாதவர்கள், நாம் போடாவிட்டால் இந்த வாயில்லா ஜீவன் பட்டினிதான் என்று மூன்று ஷிப்ட்டும் தனித்தனியாக நம்பின. செவலையும் அப்படித்தான் பார்த்தது. அது பார்க்கும் பார்வையில் மூன்று நாள் பட்டினி தெரியும். இப்படியாக ஒரு நாளைக்கு ஒன்பது வேளை. 2007இல் அது படுத்த இடத்தில் தார் உள்வாங்கியது. 2008இல் வாசலில் கொட்டிய தண்ணீர் எல்லாம் மேடு பள்ளம் பார்க்காமல் அது இருக்கும் பக்கமே ஓடியது. கம்பெனி பஸ்கள் அதன் பக்கமாகச் சாய்ந்து நின்றன. டிரைவர்கள் அதற்கேற்ப ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்துப் பழகிக்கொண்டார்கள்.

2009 ஆனியில் செவலையால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு இரைத்தது. நாக்கு நீலம் பாரித்தது. இசக்கிசெல்வி லீவு சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவர் ரகுபதியை அழைத்துவந்தாள். மருந்தின் அளவுக்கு எடை வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் எடைமேடைக்குப் போனார்கள். சீட்டைப் பார்த்த ரகுபதி, இப்படியே விட்டால் இதயம் தைப்பொங்கலைத் தாண்டாது, சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள் என்றார். எல்லா மருத்துவரும் சொல்லக்கூடியதுதான். மூன்று ஷிப்ட்டும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு குறைத்தன.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு லைனில் நின்ற ஐம்பத்து மூன்று பெண்களுக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. செவலைக்கு எப்போதாவது கையால் ஊட்டியவர்களுக்கு மட்டும்தான் அது வந்தது. கேண்டீனில் முந்நூறு பேருக்கு வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தை அந்த ஐம்பத்து மூன்று பேர் முடித்துவிட்டு, ரசம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சாப்பிட்டும் அடங்கவில்லை. ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். கம்பெனி ஆட்கள் வந்து ஹாஸ்டல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள், தண்ணீர் சுத்தம் என்று வந்தது. ஹாஸ்டலில் சமைக்கும் கோவிந்தம்மாவுக்கு மட்டும் பொறி தட்டியது. அவள் உள்ளூர்க்காரி. செவலைக்கு ஒருநாளும் ஊட்டியதில்லை, அதனால் அவளுக்குப் பசிக்கவும் இல்லை. ஒரு குண்டான் சோற்றைக் கொண்டுபோய் செவலை முன்னால் வைத்தாள். அது நக்கி முடித்த நிமிடம், எட்டு கிலோமீட்டர் தள்ளி லைனில் நின்றவர்களுக்குப் பசி நின்றது.

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. சோறு போட்டால் செவலை தைக்குள் செத்துவிடும். போடாவிட்டால் நூற்று அறுபது பெண்கள் பசியில் துடிப்பார்கள். இசக்கிசெல்வி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் உருட்டி உருட்டி வைத்துத்தானே இப்படி ஆயிற்று என்று அவளுக்கு. ரகுபதி இரண்டாம் முறை வந்தபோது, பசியைக் கேட்காமல் வைத்தியம் சொல்லிவிட்டேன் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பசிக்காமல் இளைக்க வைக்க வேண்டும், வேறு வழியில்லை என்றார். கோவிந்தம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வவுறு ரொம்பணும், ஒடம்பு ஏறக்கூடாது. அவ்ளோதானே சார்? இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு" என்றாள்.

மறுநாளிலிருந்து பூசணிக்காய், சுரைக்காய், பீன்ஸ். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், வெங்காயம் கிட்டே வராமல் வேகவைத்து, அதில் கொஞ்சம் கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டு, ஒரு பிடி சோறு. குண்டான் முன்பைவிடப் பெரிதாகத்தான் இருந்தது, சத்துதான் பாதி. அதையும் ஒரே தடவையாக வைக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிடுகிறது என்று கண்டதும், செல்போன் பாகங்கள் வரும் குழி குழியான பிளாஸ்டிக் தட்டுகளை இசக்கிசெல்வி ஸ்கிராப்பிலிருந்து கேட்டு வாங்கினாள். அவற்றை வெளியே கொண்டுவர கேட் பாஸ் தேவைப்பட்டது. காரணம் என்ற இடத்தில் நாய் மெதுவாகச் சாப்பிட என்று எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தும் போட்டார். குழிக்குக் குழி நக்கி முடிக்கச் செவலைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியில் அதற்கு வயிறு நிறைந்த நினைப்பு வந்துவிட்டது. லைனில் யாருக்கும் பசிக்கவில்லை. நாக்கில் லேசாகப் பூசணிக்காய் ருசி மட்டும் வந்து போனது.

மூன்று ஷிப்ட்டின் குழப்பத்தைத் தீர்க்கவும் இசக்கிசெல்வியே வழி கண்டாள். லைனில் சரிபார்த்து முடித்த பொருளுக்குப் பச்சை டேக் கட்டுவார்கள். சாப்பிட்ட செவலைக்கும் ஒரு பச்சை டேக் கழுத்தில் கட்டினாள். நாலாம் நாளே செவலை படுத்தபடியே அதைத் தரையில் தேய்த்து அறுத்துவிட்டு, அடுத்த ஷிப்ட் வந்ததும் பட்டினி முகத்தைக் காட்டியது. எடை கூடியதே தவிர மூளை மழுங்கவில்லை. அதன்பின் டேக்கை நாயிடம் விடாமல் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். ஷிப்ட் மாறும்போது கம்பெனி வாசலில், உள்ளே போகிறவள் வெளியே வருகிறவள் கையில் டேக்கைக் கொடுத்து, என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை சாப்பிட்டது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். டேக் வைத்திருப்பவள்தான் ஊட்டலாம். மூன்று வருடமாக ஜன்னலில் கையசைத்தவர்களுக்கு ஒருவர் பெயர் ஒருவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தை பிறந்தது. பொங்கலன்று செவலை தானாக எழுந்து நின்றது. நூற்று அறுபது பேருக்கும் அன்று முழங்கால் வலித்தது.

2010 முடிவில் நூற்று ஐம்பது கிலோ. 2011 முடிவில் தொண்ணூறு. முதலில் வாசலிலிருந்து கேட்டு வரை, பிறகு டீக்கடை வரை, பிறகு பஸ் நிறுத்தம் வரை நடந்தது. தண்ணீர் பழையபடி சாக்கடையைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. ஆனால் தொண்ணூறில் முள் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு மாதம், மூன்று மாதம், எட்டு மாதம். பூசணிக்காயை மாற்றினார்கள், நடையைக் கூட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இதயம் மறுபடி தடுமாறுகிறது, இதே எடையில் இன்னொரு கோடையைத் தாங்காது என்றார் ரகுபதி. திருட்டுத்தனமாக யாரோ கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். 2012 புரட்டாசியில் ஒரு மாலை நாலு மணிக்கு, ஹாஸ்டலிலும் லைனிலும் இருந்த அத்தனை பேர் நாக்கிலும் கிரீம் பிஸ்கட் இனித்தது. டேக் அப்போது இருந்தது சங்கரன்கோவில் செல்வலட்சுமியிடம். அவள் பஸ்ஸில் இருந்தாள். வாசலில் செவலை பக்கத்தில் பிஸ்கட் உறையோடு உட்கார்ந்திருந்தது இசக்கிசெல்வி.

"நான்தான் குடுத்தேன். இன்னைக்குத்தான் மொதத் தடவை, சத்தியமா. அது பாக்கத பாத்தா எனக்குத் தாங்கல" என்றாள். சுற்றி நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒரு பிஸ்கட்டுக்காக எட்டு மாதம் எடை நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை. கோவிந்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வேறொன்று கேட்டாள்.

"அது கெடக்கட்டும். நீ துன்னியா?"

"ம், சாப்ட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. ஆறு வருசமா உன் தட்ட நான்தான் கழுவினுகீறேன். துன்ன தட்டு எது, துன்னாத தட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? முன்ன நாய்க்கு வச்ச. இப்ப பக்கத்துல கீறவ தட்டுல தள்ளிட்டு டீயக் குடிச்சினு கீற."

செவலையின் பசி இத்தனை பேருக்குத் தெரிகிறதே, இத்தனை பேரின் பசி செவலைக்குத் தெரியாமல் இருக்குமா என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்ற பெண்கள் வருடக்கணக்கில் ஹாஸ்டல் சோற்றுக்குப் பழகிவிட்டார்கள். இசக்கிசெல்வி ஒருத்திதான் பாக்கி. அவள் பட்டினி கிடக்கும்வரை, அவளுக்காகச் சேர்த்து வைத்த தொண்ணூறை விட்டுக்கொடுக்கச் செவலைக்கு மனசு வரவில்லை. கோவிந்தம்மா உள்ளே போய், கல்யாணத்துக்குச் சோறு கொட்டும் பெரிய பேசினில் சாதத்தையும் குழம்பையும் போட்டுப் பிசைந்து எடுத்துவந்தாள். வாசலிலேயே வட்டமாக உட்காரச் சொன்னாள். திட்டியவர்களும்தான் உட்கார்ந்தார்கள். வரிசையாகக் கையில் உருட்டி வைத்துக்கொண்டே வந்தாள். இசக்கிசெல்வி ஏழு உருண்டை சாப்பிட்டாள். ஏழாவதில் அழுகை வந்து, அழுதுகொண்டே எட்டாவதுக்குக் கையை நீட்டினாள். செவலை, பஸ் பிரேக்கில் காற்று இறங்குகிற மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தூங்கிப்போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை மேடை எண்பது காட்டியது.

அதன்பின் எடை மளமளவென்று இறங்கியது. 2013 ஆவணியில் செவலை தன் காலால் நடந்து போய் மேடையில் ஏறி உட்கார்ந்தபோது முள் அசையவே இல்லை. நடேசன் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, நாய், பூஜ்யம் கிலோ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வண்டியில்லாமல் வெறும் நாய் ஏறியது அந்த லாரி மேடைக்குத் தெரியவே இல்லை; கோழிக்கடைத் தராசில் எடை போட்டபோது இருபத்து மூன்று இருந்தது. ரகுபதி அந்தப் பூஜ்யம் சீட்டைக் கேட்டு வாங்கித் தன் மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டார்.

2014 கடைசியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெண்கள் பெட்டியைக் கட்டினார்கள். இசக்கிசெல்வி செவலையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தாள். ஆனால் அது பஸ் படியில் முன்காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டது. பச்சை டேக்கைக் கோவிந்தம்மா கையில் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்த நாய், பஸ்ஸோடு கூடவே பாலம் வரைக்கும் ஓடிவந்தது. அங்கே நின்றது. ஐந்தரை மணி சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் திரும்பி ஹாஸ்டல் பக்கம் ஓடியது. ஜன்னலில் பார்த்தவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பெண்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் சொந்த ஊருக்கும் பிரிந்து போனார்கள். தூரம் போனால் விட்டுப்போகும் என்று நினைத்தது விட்டுப்போகவில்லை. மாலை ஐந்தரைக்கு எல்லோருக்கும் லேசாகப் பசித்தது. ஆறு மணிக்குள் நாக்கில் பூசணிக்காய் வந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியார்கள் கேட்டால், எங்களுக்கு இது சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். வள்ளியூரில் துணிக்கடை வேலைக்குப் போன இசக்கிசெல்விக்கு அந்த நேரத்துக்கு முதலாளி தனியாக அரைமணி விட்டிருந்தார்.

2015 டிசம்பர் முதல் வாரம், செம்பரம்பாக்கம் தண்ணீரைத் திறந்துவிட்ட நாட்களில், சுங்குவார்சத்திரத்துக்குப் போன் போகவில்லை. ரோடெல்லாம் தண்ணீர் என்று டிவி சொன்னது. இசக்கிசெல்வி கடையின் பின்பக்கம் டிபன் பாக்ஸைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தரை ஆயிற்று. பசிக்கவில்லை. செவலை உயிரோடு இருந்தால் இந்நேரம் பசித்திருக்க வேண்டும். ஆறு ஆயிற்று. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறரைக்கு மறுபடி கோவிந்தம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. ஆறே முக்காலுக்கு அடிவயிற்றில் மெல்லப் பசி எடுத்தது. அவள் சோற்றைத் தொடாமல் காத்திருந்தாள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நாக்கில் ருசி வந்தது. ஆறிப்போன பூசணிக்காய், அதில் ஒரு நார் கோழிக்கறி. உப்பில்லை. இசக்கிசெல்வி டிபன் பாக்ஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.