முழங்கால் தண்ணீர்

என் கணவர் உதயரூபன் ருமேனியாவுக்குப் போய் இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தபோது, அவர் வேலை செய்யும் ஊரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். அங்கே வருகிறவர்கள் செய்யக்கூடிய பத்து விடயங்கள் வேண்டுமாம். ஏரியும் மலையும் உள்ள சின்ன நகரம் அது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் கோடை முழுக்க வந்துகொண்டிருப்பார்கள். நான் இருப்பது வாவிக்கரையில், ஆரையம்பதியில். மலை என்று நான் கண்டது குடும்பிமலை ஒன்றைத்தான், அதுவும் பஸ் ஜன்னலுக்குள்ளால்.

கேட்டது, அவர் சமையலறையில் வேலை செய்யும் ஹோட்டலின் முகாமையாளர் டானியேலா. ஹோட்டலுக்குப் புதிதாக இணையத்தளம் செய்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுத ஆள் தேவைப்பட்டது. 'என்ட மனிசி இங்கிலீஷ் ரீச்சர்' என்று இவர் பெருமைக்குச் சொல்லிவைத்திருக்கிறார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பட்டியல் நன்றாக இருந்தால் ஒக்டோபரில் ஒரு மாத லீவுக்குக் கையெழுத்துப் போடுவதாக டானியேலா சொன்னாராம்.

அந்த லீவு ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. முதல் தரம் அங்கே ஒரு சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இரண்டாந் தரம் பனிக்காலத்துக்கு ஆள் போதவில்லை. கல்யாணமாகி ஏழாம் மாதம் விமானம் ஏறியவர் இவர். எங்கள் குடித்தனத்தில் பெரும்பகுதி போன் திரைக்குள்தான் நடந்திருக்கிறது. களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தும் பார்த்தாயிற்று. பிள்ளையாரும் டானியேலாவின் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தார் போலும். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் போன் எடுப்பது இங்கே காலை ஏழு மணிக்கு. அங்கே நாலரை. மலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்புவார்கள் என்பதால், பாணும் சீஸும் அவித்த முட்டையும் வைத்து அவர்களுக்குப் பார்சல் கட்டுவது இவருடைய வேலை. போனை மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டே கதைப்பார். நான் பள்ளிக்கூடம் போகச் சாரி உடுத்திக்கொண்டே கேட்பேன்.

“அந்தப் பெரிய மலை, உச்சியில சிலுவை நட்டிருக்கிற மலை, அதுல ஏற எவ்வளவு நேரம் செல்லும்?”

“ரெண்டு பார்சல்.”

“என்னது?”

“ஒரு பார்சல் கேட்டா மத்தியானத்துக்குக் கிறுகி வந்திருவாங்க. ரெண்டு கேட்டா பொழுதுபட்டுத்தான் வருவாங்க. மூண்டு கேட்டா மேல கொட்டில்ல படுத்திட்டு அடுத்த நாள்தான்.”

“நீங்க ஒருக்காவும் ஏறிப் பாக்கல்லையா?”

“எனக்கு ஆருகா பார்சல் கட்டித் தாற?”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அந்தப் பார்சல் கணக்கு உதவியது. ஒரு பார்சல் மலைகளை 'குடும்பத்தோடு போகலாம்' என்று எழுதினேன். இரண்டு பார்சல் மலைக்கு 'நல்ல சப்பாத்து அவசியம்' என்றேன். மூன்று பார்சல் மலையை 'அனுபவசாலிகளுக்கு' என்று போட்டேன். இப்படியே மூன்று விடயம் முடிந்தது.

மற்றவையும் அந்தக் குசினிக்குள்ளிருந்துதான் வந்தன. ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டு மலைக்கு இழுத்துக்கொண்டு போகும் கதிரைகளின் கீழேதான் ஹோட்டலின் குப்பை வாளிகள் இருக்கின்றன, அதனால் அதை அவருக்குத் தெரியும். மரத்தால் கட்டிய பழைய கோயிலின் மணி ஞாயிறுகளில் பாத்திரம் கழுவும்போது கேட்கும், அதனால் அதையும் தெரியும். சனிக்கிழமைச் சந்தைக்குச் சீஸ் வாங்க அனுப்புவார்கள். கரடி பார்க்க என்று ஆட்கள் பணம் கட்டி வண்டியில் போகிறார்கள், கரடியோ ஹோட்டல் குப்பைக்கு வந்துவிட்டுப் போகிறது. ஏரியில் வள்ளம் ஓடுவதையும் பின்னேரம் வெளிச்சம் விழுவதையும் ஒரே விடயமாக்கி ஒன்பதையும் பத்தையும் தவிர எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். பத்தாவதற்கு ஹோட்டலின் சாப்பாட்டையே எழுதிவிடலாம். ஒன்பதுதான் மிஞ்சியது.

“ஏரியைப் பத்தி இன்னும் ஏதாவது சொல்லுங்க,” என்றேன்.

“பாத்திரம் கழுவுற இடத்தில நிண்டா நல்லாத் தெரியும்.”

“கரைக்குப் போகல்லையா?”

“இன்னும் போகல்ல.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆத்துத் தொழில் செய்த வீட்டில் பிறந்தவர் அவர். எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். பத்து வயதில் தகப்பனோடு வீச்சுவலை தூக்கியவர், இரண்டு வருடமாக ஒரு ஏரியை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ரெண்டு வருசமா என்னதான் செய்றீங்க அங்க?”

“வேலை முடிஞ்சா காலெல்லாம் வீங்கிக் கிடக்கும் புள்ள. படுக்கத்தான் மனம் வரும்.”

“அங்க வாறவங்களெல்லாம் பாக்கிறாங்க. உங்களுக்குப் படுக்கை.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவருடைய குரலில் இருந்த களைப்பு எனக்குக் கேட்காமலில்லை. எனக்கும் களைப்பு. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், அதற்குப் பிறகு காணாத ஊருக்கு வழி சொல்லும் வேலை. யாருடைய களைப்பு பெரிது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

அன்று பின்னேரம் ரியூசன் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்துபோன வாங்கிலேயே உட்கார்ந்து ஒன்பதாவதை நானாக எழுதினேன். ஏரிக்குள் இறங்கி நடக்கலாம் என்று எழுதினேன். கரையோரம் ஆழமிராது, முழங்கால் தண்ணீரில் நெடுந்தூரம் போகலாம், உள்ளே போய் நின்று திரும்பிப் பார்த்தால் ஊர் சின்னதாகத் தெரியும் என்றெல்லாம் எழுதினேன். அதை எழுதும்போது மட்டும் கை நிற்கவே இல்லை. பொய் எழுதுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை. தண்ணீரின் கரை என்றால் அப்படித்தான் இருக்கும். எங்கள் ஆத்தில் அரைக் கட்டை தூரம் நடந்த பிறகும் இடுப்புத்தான்.

என்னோடு படிப்பிக்கும் காத்தான்குடி நஸ்ஹா ரீச்சரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்பதாவதில் வந்து நின்றார்.

“இதுதான் நல்லா இருக்கு கஜானி. போய் நிண்டு பாத்த மாதிரியே கிடக்கு.”

அவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. அவரும் வாவிக்கரையில் பிறந்தவர்தானே. நான் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஏழு மணிக்குப் போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். நான்காம் நாள் யாருடையதோ இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 'போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டு. சுகமா இருக்கன். யோசிக்காத.'

பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுத்தியிருப்பார் என்று எண்ணினேன். 'கவனமில்லாத மனிசன், மூண்டு நாளா நான் இஞ்ச செத்துப் பிழைச்சன்' என்று அந்த இலக்கத்துக்கே ஏசி ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அது அவருடைய அறை நண்பரின் போன். அதை இவர் எந்த நிலையில் கேட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

இரண்டு நாளில், நான் வகுப்பில் இருந்தபோது, டானியேலாவின் மின்னஞ்சல் வந்தது. பட்டியல் மிகவும் பிடித்திருப்பதாகவும், ஒன்பதாவதை மட்டும் நீக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அவர்களுடைய ஏரி கரையிலிருந்து இரண்டாவது அடியிலேயே ஆழமாம். தனக்குத் தெரியாமல் ஆழமில்லாத பக்கம் ஏதும் இருக்கிறதா என்று என் கணவரிடம் கேட்டதாக எழுதியிருந்தார். தன்னுடைய மனைவி தண்ணீரைப் பற்றி எழுதினால் பிழை வராது என்று அவர் சொன்னார். பிறகு ஓய்வு நேரத்தில் தானே போய் இறங்கிப் பார்த்திருக்கிறார். வள்ளம் வாடகைக்கு விடுகிறவர் கண்டு இழுத்தெடுத்ததால் தப்பினார். இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்தார், இப்போது நலம். லீவு ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து.

லீவு என்ற சொல்லுக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தவள் நான். அந்த வரியை வாசித்தபோது எனக்கு எந்தச் சந்தோசமும் வரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துகிற ரீச்சர், புருசனுடைய காலைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து அழுதேன்.

பின்னேரம் அவரைப் போனில் பிடித்தேன்.

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“சொன்னா நீ இப்பிடித்தான் அழுவாய் எண்டு தெரியும்.”

“ஆர் உங்கள இறங்கச் சொன்ன?”

“நீ எழுதியிருந்தாய்தானே,” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. கடையில் சீனி இருக்கிறது என்று சொன்னால் போய் வாங்குகிறவர் போலச் சொன்னார். “வாசிக்கக்குள்ள நம்மட ஆறு மாதிரியே இருந்திச்சு. இத்தனை நாளும் இதத் தெரியாம இருந்திட்டமே எண்டு நினைச்சன். களுசானைச் சுருட்டிட்டு இறங்கினன். நம்ம ஊர்ல போறாப்போல காலத் தேச்சுத் தேச்சுத்தான் போனன்.”

எங்கள் ஆத்தில் காலைத் தூக்கி வைக்கமாட்டோம். கெளிற்று மீனின் முள் ஏறும் என்று அடிமணலில் உரசிக்கொண்டே நடப்போம். அங்கே அடியில் மணல் இல்லை, பாசி பிடித்த கல். தேய்த்த கால் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

“நீந்தத் தெரியும்தானே உங்களுக்கு?”

“தெரியும். ஆனா அது ஐஸ் தண்ணி புள்ள. கையும் காலும் சொன்னதக் கேக்கல்ல.” கொஞ்சம் நின்றார். “நிலம் கிடைக்கும், நிலம் கிடைக்கும் எண்டு கால நீட்டிக்கிட்டே போனன். கிடைக்கவே இல்ல.”

நெடுநேரம் இருவரும் போனை வைக்கவில்லை.

ஒன்பதாவதற்கு டானியேலா வேறொன்று கேட்டார். ஏரிக்கரையில் வாங்குகள் போட்டிருக்கிறார்கள், அதில் இருந்து பார்க்கலாம் என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன்.

சொன்னபடி ஒக்டோபரில் வந்தார். மெலிந்திருந்தார், முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. முதல் நாள் முழுக்க நித்திரை கொண்டார். இரண்டாம் நாள் இறால் சொதியும் முருங்கைக்கீரையும் வைத்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் சாப்பிட்டார். மூன்றாம் நாள் பின்னேரம், ஆத்தடிப் பக்கம் போய்வருவோமா என்று நான்தான் கூப்பிட்டேன். மாரி இன்னும் பிறக்கவில்லை. வருடத்தில் ஆறு மிகவும் வற்றிக் கிடக்கும் காலம். எதிர்க்கரைப் பக்கமாக இரண்டு பேர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தொடையளவு தண்ணீரில் பேசிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் இவரைக் கண்டு கையைக் காட்டினார். இவரும் காட்டினார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். களுசானைச் சுருட்டினார். தண்ணீர் காலில் படும் இடம்வரை வந்தார். அதோடு நின்றுவிட்டார்.

“வாங்க,” என்றேன்.

“நீ முன்னுக்குப் போ.”

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தேய்த்துத் தேய்த்து நடந்தேன். அடியில் மணல் மெத்தென்று இருந்தது. முப்பது நாற்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. வலது காலை மட்டும் கொஞ்சம் நீட்டி, பெருவிரலால் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கல்யாண வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணிய மனிதர்.

“இஞ்ச பாருங்க, முழங்கால்தான்!” என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் என்னுடைய முழங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உண்மையாத்தானா?” என்றார்.

காணாத நாட்டு ஏரியில் நான் எழுதியதை நம்பி இறங்கியவர், தான் பிறந்த ஆத்தில், நான் கண்முன்னே நிற்கும்போது அதைக் கேட்டார். திரும்பி அவரிடம் நடந்தேன். கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. இழுக்கவில்லை. அவரோடு கரையிலேயே நின்றேன்.