பூஞ்சிபென் கேட்ட உறுமல்

1

வேனில் முதிர்ந்து, சிங்கங்கள் வாழும் கீர்க்காட்டின் தேக்குகள் இலையுதிர்த்து நோன்பிருப்போர்போல் நின்றன. ஓடைகள் வெறுங்கல்லாயின, எருமைகளின் மூச்சுங்கூடப் புழுதியாய் எழுந்தது. அப்பருவத்தில் எங்கள் குடியிருப்பில் நான் கேட்ட ஒரு விடையே இக்கதைக்கு வித்து.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘பெண்சிங்கம் முழங்கிற்று, கானகமெல்லாம்...’

அடித்துவிட்டேன். முழக்கம் தொலைவிலிருந்து ‘இது என் இடம்’ என்பது. நாக்தான் என்னும் மேய்ப்பன் கேட்டது அதுவன்று. தொண்டைக்குள்ளேயே உருண்டு, பல் தெரிய, ‘இனி ஓரடியும் வராதே’ என்பது உறுமல்.*

கன்றை அடித்த சிங்கத்தைத் தடியோங்கி விரட்டுவது எங்கள் மேய்ப்பர் வழக்கம். நாக்தானும் அப்படித்தான் போனான். புதருக்குள் அதன் குட்டிகள் இருந்தன. மாண்டான்.

(* பழம்பாடல்களில் இடிக்கும் விலங்குக்கும் முழக்கம் என்னும் ஒரே சொல் வரும். இங்கே அவை எனக்கு உதவவில்லை.)

3

வனத்துறையினர் விசாரிக்க வந்தனர். ஓசையின்றிப் பாய்ந்ததென்றால் அது ஆளை இரையாக்கும் விலங்கு. ஆயுள் முழுதும் கூண்டு. உறுமியதென்றால் குட்டி காத்த தாய், காட்டிலேயே இருக்கும். உடனிருந்து கண்டவள் நாக்தானின் மனைவி பூஞ்சிபென் ஒருத்தியே.

மேருதான் என்னும் அவள் கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான். “அண்ணி, ‘சத்தமே வரல’ன்னு சொல்லுங்க. போதும்.”

“உங்கண்ணன் சாவுக்குப் பொய்ச்சாட்சி வேணுமா, மேரு?”

“கொன்னது அது அண்ணி!”

அதிகாரி கேட்டார்: “உறுமிச்சாம்மா?”

[இவ்விடத்தில் அவளை அழவைத்து எழுதினேன். பொய். அவள் அழவில்லை.]

“உறுமிச்சுங்கய்யா. மறுபடி மறுபடி. நான் கையப் புடிச்சு இழுத்தேன். ‘அட, எப்பவும் கத்துறதுதானே, உன்னைய மாதிரி’ன்னு சிரிச்சுக்கிட்டே போனாரு.”

நான் காத்திருந்தது ஒப்பாரிக்கு.

“அப்போ தப்பு எங்கண்ணன் மேலயா?” மேருதானின் குரல் உடைந்தது.

“அவரு மேலன்னு எப்படா சொன்னேன்? அது உறுமிச்சுன்னு சொன்னேன்.”

4

அதிகாரி அவள் சொல்லை ஏற்று...

கூண்டு வண்டி வந்து...

மேருதான் அதன்பின் அவளோடு...

எதையும் முடிக்க எனக்குத் துணிவில்லை. வாசகரே, தேர்வு உம்முடையது. நான் கண்டது இவ்வளவே: அன்று மாலை எங்கள் குலதெய்வம் கோடியார் அன்னையின் கல்முன் அவள் நெய்விளக்கு ஏற்றினாள். தலை தாழ்த்தித் தொழுதாள். பின் காட்டை நோக்கித் திரும்பிச் சொன்னாள்:

“குட்டிங்களோட நல்லாயிரு, தாயி.”