மூன்றாவது ஆபத்து

சுவரில் ஒட்டியிருந்த தாளைப் புஷ்பலதா இரண்டாம் முறையும் படித்தாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டால் எப்படி மீட்பது என்று சேலத்திலிருந்து வந்த சௌமியா போட்ட திட்டம். அதில் ஆபத்துகள் என்று மூன்று இருந்தன. ஒன்று, மண்சரிவில் இன்டர்நெட் கேபிள் அறுந்து கிளவுடில் இருக்கும் விவரங்கள் கிடைக்காமல் போவது. இரண்டு, மின்வெட்டு. மூன்று, புஷ்பலதா வராமல் போவது.

பதினெட்டு வருஷமாக அடிவாரத்திலிருந்து மலைக்கு முதல் பஸ் பிடித்து வருகிறவள் அவள். 2019க்கு முந்தைய நோயாளிகளின் விவரமெல்லாம் பழைய கம்ப்யூட்டரில்தான். அதை எழுப்ப அவளால்தான் முடியும். "லதா இல்லீன்னா இந்த ஆஸ்பத்திரியே ஓடாதுங்க" என்று மேனேஜர் சந்திரசேகர் யார் வந்தாலும் சொல்வார். அதே பேச்சைத்தான் இந்தப் பெண்ணும் எழுதியிருக்கிறாள். எழுதியதும் அது குற்றமாகிவிட்டது.

இன்று அந்தத் திட்டத்துக்கு ஒத்திகை. "அக்கா, நீங்க அடிவாரத்துல மாட்டிக்கிட்டீங்க. ரோட்டுல பாறை உருண்டுருச்சு, போனும் கிடைக்கல. சரிங்களா?" என்று சிரித்தாள் சௌமியா. "உள்ள மட்டும் வந்துறாதீங்க."

வராந்தா பெஞ்சிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள் புஷ்பலதா. சந்திரசேகர் நாற்காலியை இழுத்துப் போட்டு சௌமியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. வாசலில் நின்று "ஆச்சா லதா?" என்பதோடு சரி. இப்போது தன் பிளாஸ்கிலிருந்து காபி வேறு ஊற்றிக் கொடுக்கிறார். புஷ்பலதாவுக்கு வயிறு எரிந்தது.

கிளவுடில் இருந்ததைப் பத்து நிமிஷத்தில் வேறொரு லேப்டாப்பில் வரவழைத்துவிட்டாள் சௌமியா. பழையது மசியவில்லை. மசியாது. உள்ளேயிருக்கும் சின்ன பேட்டரி செத்து எட்டு வருஷமாகிறது. அணைத்துப் போட்டால் அதற்கு 2002 பிறந்துவிடும். முதலில் தேதியைத் திருத்தினால்தான் வேலை செய்யும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பது பாதி உண்மை. சௌமியா கேட்டபோது, "அது பழகின கைக்குத்தான் வரும்" என்று மழுப்பியிருந்தாள்.

பெஞ்சில் பக்கத்தில் வாழவந்தி ஊர்ப் பொன்னாயி காத்திருந்தாள். முன்பு ஏதோ ஒரு ஊசியில் முகம் வீங்கியவள். எதுவென்று பழைய விவரத்தைப் பார்த்த பிறகுதான் நர்ஸ் ஊசி போடுவாள். ஒத்திகைக்கு அவள் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங் கண்ணு, நீ உள்ள போகலியா?"

"நான் இங்க இல்லீங்கம்மா. அடிவாரத்துல இருக்கறேன்."

பொன்னாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காலைல ஏதாச்சும் சாப்புட்டியா சாமி?"

அந்த ஊசியின் பெயர் புஷ்பலதாவுக்கு மனப்பாடம். வந்து கேட்கட்டும். கதவைத் திறந்து, மேனேஜர் கண் முன்னால் அந்தப் பெண் வந்து கேட்கட்டும். சந்திரசேகர் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். மனம் குளிர்ந்துபோய், முகத்தை மூடுபனியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே கைதட்டல் கேட்டது.

சௌமியா கம்ப்யூட்டர் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, எதையோ விரலால் தொட்டு அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புஷ்பலதாவுக்கு நினைவு வந்தது. பேட்டரி செத்த புதிதில் மறந்து மறந்து திட்டு வாங்கி, ஒருநாள் தானே அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதி வைத்தது: மொதல்ல தேதி போடு.

நர்ஸ் வந்து பொன்னாயியைக் கூட்டிப்போனாள். பனி வராந்தாவுக்குள் ஏறியது. ஒத்திகை முடிந்ததென்று யாரும் வந்து சொல்லவில்லை. உள்ளே போகலாமா, இன்னும் அடிவாரத்தில்தான் இருக்க வேண்டுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌமியா பேனாவோடு சுவரருகே போய், திட்டத் தாளின் மூன்றாவது வரியை அடித்து நேராக ஒரு கோடு இழுத்தாள்.