இருபத்து நான்கு நொடிப் பச்சை

எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற எட்டு வழிச் சாலையை நடந்து கடப்பவர்களுக்கு இருபத்து நான்கு நொடி பச்சை. அதை வைத்தவன் நான்தான். மனுஷன் நொடிக்கு நாலடி நடப்பான் என்பது எங்கள் சிக்னல் ஆபீஸ் கணக்கு. என் காலாலேயே நடந்தும் பார்த்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

நேரம் போதவில்லை என்று யாரோ மனு போட்டார்கள். மூன்று நாள் மாலையில் நின்று ஆட்களை எண்ணும் வேலை என் தலையிலேயே விழுந்தது. முதல் நாள் தொள்ளாயிரம் பேர் கடந்தார்கள். மெதுவாக நடந்தவர்கள் ஏழே பேர். ஏழு பேருக்காக இத்தனை வண்டியை நிறுத்த முடியுமா? மனுவைத் தள்ளிவிடும் வரியை மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஆறரைக்கு எதிர்ப்புறம் என் மனைவி வந்து நின்றாள். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. போன வருஷம் கால் முறிந்ததிலிருந்து சற்றுச் சாய்ந்துதான் நடப்பாள். பச்சை விழுந்தது. எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து அதே பஸ் திரும்பி வந்து அவளை என் பக்கம் இறக்கிவிட்டது.

"எங்க போயிட்டு வர்ற?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும். அங்கதானே பஸ் திரும்பும்."

"தினமுமா?"

"நாலு மாசமா."

அந்த நாலு மாதமும், "கடையை உன் பேருக்கே எழுதி வச்சுட்டாங்களா?" என்று அவள் தாமதத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு நாள் நடுரோட்ல மாட்டிக்கிட்டேன். ரெண்டு பக்கமும் வண்டி. சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு விட்டுட்டேன். பார்க்கறவங்ககிட்ட எல்லாம் அந்த இருபத்து நாலு நொடியத்தானே பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. பஸ்ல என்னை மாதிரி பத்து பேர் இருக்காங்க. பேச்சுத்துணைக்குக் குறைவில்ல."

கடந்தவர்களைத்தான் எண்ணினேன். கடக்கப் பயந்தவர்களை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சிக்னல் பெட்டியைத் திறந்து, பொத்தானை அழுத்தியபடி வண்டிகளுக்குச் சிவப்பை நிறுத்திப் பிடித்தேன். அவள் சாலையில் இறங்கினாள். நான் கடிகாரத்தோடு நிற்பதைப் பார்த்ததும் காலை எட்டி எட்டி வைத்தாள். போனில் கூப்பிட்டேன்.

"அவசரப்படாத. எப்பவும் நடக்கிற மாதிரி நட. எனக்காக ஓடினா கணக்கு மறுபடியும் பொய்யாயிடும்."

வேகத்தைக் குறைத்தாள். அவளுக்குப் பின்னால் பஸ் நிறுத்தத்திலிருந்து நாலைந்து பேர் தயங்கித் தயங்கி இறங்கினார்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மூச்சு வாங்க வந்து நின்றாள். "எத்தனை?"

"நாப்பத்து மூணு."

அவள் முகம் சுருங்கியது. "நான் அவ்வளவு மெதுவாவா நடக்கிறேன்?"

"இல்ல. ரோடு அவ்வளவு அகலம். அம்பதுன்னு எழுதப் போறேன்."

"மிச்சம் ஏழு எதுக்கு?"

"நீ என்னைப் பார்க்காம, பாதையைப் பார்த்து வர்றதுக்கு."