நாளுக்கு நான்கு மணித்துளி

காற்றலையும் புல்வெளியின் நடுவே, முகிலற்ற முற்பகல் வெயிலைத் தன் வெண்கம்பி வலையில் ஏந்தியபடி, வானத்தை நோக்கி வாய் திறந்து அசையாது கிடந்தது பெருங்கிண்ணம் ஒன்று. அதனருகே, ஒற்றை அறையும் ஒரு தாழ்வாரமுமாய் அமைந்த ஆய்வுமனையில், நீள்தாளின்மீது ஊரும் மைமுனையைக் கண்கொட்டாமல் பார்த்திருந்தாள் நம் ஆய்வாளர். விண்மீனைத் தேடுவோர்க்குப் பகலில் என்ன வேலை என்று நகையாடாதீர். தொலைதூர விண்மீன் கூட்டங்கள் ஒளியை மட்டுமா உமிழ்கின்றன? கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத வானொலி அலைகளையும் ஓயாமல் உமிழ்கின்றன. அவற்றை இக்கிண்ணம் கேட்பதற்கு இருள் வேண்டியதில்லை; கேட்டதை மைமுனை தாளில் கோடாக வரையும்.

கிண்ணம் திரும்பாது, நிலவுலகம் சுழலச் சுழல வானமே அதன்மேல் ஊர்ந்து கடக்கும். அவள் அளந்துவந்த விண்மீன் கூட்டம் நாள்தோறும் அவ்வாறு கடக்கையில், மைமுனை மெல்ல ஏறி மெல்ல இறங்கித் தாளில் ஒரு குன்றை வரையும். குன்று இறங்கும்வரை அவள் இருக்கையை விட்டு எழமாட்டாள். இறங்கிய பின்னரே வாயிலுக்குச் சென்று, கணவர் கொண்டுவரும் உணவை அவரோடு அமர்ந்து உண்பாள். உண்டு மீளும்போது, கடந்த முப்பது நாளாக, குன்றின் பின்னே கூரிய பல் ஒன்றும், சற்றுத் தள்ளி மற்றொன்றும் தாளில் முளைத்திருக்கக் கண்டாள்.

மனிதர் இயக்கும் கருவியின் இரைச்சலாயின் கடிகாரத்தைப் பின்பற்றி, நாள்தோறும் ஒரே நேரத்தில் வரும். வானிலிருந்து வருவதோ, விண்மீன்கள் எழும் முறைப்படி, நாளுக்கு நான்கு மணித்துளி முந்தி வரும். முதல்நாள் இரண்டு மணிக்கு வந்த பற்கள், நான்கு நான்காக முந்தி முந்தி, இப்போது நண்பகலுக்கே வந்திருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறர் கண்டவற்றையே அளந்து சலித்தவளுக்கு, தன்னுடையது என்று சொல்ல ஒன்று கிட்டிவிட்டது. உலகத்து ஆய்வுமனைகளுக்கெல்லாம் அறிவிக்கும் மடல் மேசைமேல் இருந்தது. அதில் ஆய்வுமனைத் தலைவர் கையொப்பம் இட வேண்டியது ஒன்றே குறை.

"ரெண்டு பல்லுக்கும் நடுவுல இடைவெளி தினமும் மாறுதேம்மா, அதான் உறுத்துது," என்றார் தலைவர்.

"அது ஏன்னு எனக்கும் புரியலை ஐயா. ஆனா மனுஷன் பண்ற வேலையா இருந்தா நாலு நிமிஷம் முந்தி வருமா? எந்த மனுஷன் நட்சத்திரத்தைப் பார்த்து நடமாடுறான்?"

தலைவர், அன்று தாமே உடனிருந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவதாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குன்று எழுந்தது, குன்று இறங்கியது. பத்து மணித்துளி சென்றது, இருபதும் சென்றது. மைமுனை நேர்கோடாகவே ஊர்ந்தது. அப்போது, தூக்குப்பாத்திரமும் வியர்வை வழியும் முகமுமாக வாயிலில் வந்து நின்றார், ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவர்.

"நேரமாயிடுச்சு, கோவிச்சுக்காதே. வண்டி மக்கர் பண்ணிடுச்சு, நடந்தே வந்தேன். இல்லேன்னா உன் நேரத்துக்கு டாண்ணு வந்திருப்பேன்."

"என் நேரமா?"

"வீட்டுல சமையக்கட்டுக் கடிகாரம் இருக்கே, அது உனக்குன்னு வச்சது. உன் சாப்பாட்டு நேரம் தினமும் நாலு நிமிஷம் முந்தி வருதுல்ல, அதுக்குத் தக்கபடி முந்தி ஓட விட்டிருக்கேன். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் சரிபண்ற கை, உனக்காக ஒண்ணை மட்டும் வேணும்னே கெடுத்து வச்சிருக்கு."

அவள் முப்பது நாள் தாள்களைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி எந்திரத்தின் மின்பொறியும் வானொலி அலையை உமிழும்; வந்து நிற்கையில் அது தெறித்தது ஒரு பல். திரும்புகையில் தெறித்தது மறுபல். உள்ளே தலைவரோ, "ஒருநாள் வரலைன்னா என்னம்மா, முப்பது நாள் வந்திருக்கே. நான் கையெழுத்துப் போட்டுடுறேன்," என்று எழுதுகோலைத் திறந்துகொண்டிருந்தார். வாய்மூடி நின்றிருந்தால் அன்று மாலைக்குள் அவள் பெயர் கடல் கடந்திருக்கும். அந்த ஆசை அவளை ஒருகணம் பற்றி இழுத்தது என்பதையும் மறைப்பானேன்?

"வேண்டாம் ஐயா," என்றாள். "நட்சத்திரத்தைப் பார்த்து நடமாடுற மனுஷன் ஒருத்தர் இருக்கார். இவர்தான்."

கதை முழுவதும் கேட்ட தலைவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு மடலை இரண்டாகக் கிழித்தார். அவள் குறிப்பேட்டைத் திறந்து, "வான்பொருள் அன்று, என் கணவரின் வண்டி" என்று தன் கையாலேயே எழுதினாள். எழுதும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

உண்டபின், முப்பது தாள்களையும் தாழ்வாரத்தில் அவர்முன் விரித்தாள்.

"இங்க பாருங்க, ரெண்டு பல்லுக்கு நடுவுல எட்டே நிமிஷம். அன்னிக்கு என்ன?"

"உப்பு இல்லேன்னு நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே. நானும் விருட்டுன்னு கிளம்பிட்டேன்."

"இது அம்பது நிமிஷம்?"

"மழை. உன்னோடவே உட்கார்ந்துட்டேனே."

புதிதாய் ஒன்றைக் கண்டோர் பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை; எண்ணிறந்த சுடர்களுக்குக் காதுகொடுத்த அப்பெருங்கிண்ணம், தனக்காக ஒருவர் வந்துபோன சுவட்டைத் தாள்தாளாகக் காட்டியதே போதும் என்று அவள் மனம் ஆறியது. மறுநாள் முதல் அவர் தொலைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வரலானார். குன்று இறங்கியபின் தாளில் பல் முளைக்கவில்லை; கோடு நேராகச் சென்றது. அந்த நேர்கோட்டின்மேல் அவர் நடந்து வந்துகொண்டிருப்பார் என்பதை அறிந்தவளாய், அவள் எழுந்து கைகழுவச் சென்றாள்.